மேகத்துச் சரக்கு

அக்காவைப் பற்றிப் பேசாமல் பூவரசனுக்கு டீ உள்ளே இறங்காது. விழுப்புரம் பக்கத்துக் காணையிலிருந்து திண்டிவனம் வரை அவன் லோடு வண்டி நிற்கிற கடைகளிலெல்லாம் அக்கா தமிழ்மொழியின் புகழ் பரவியிருந்தது. "எங்கக்கா பூனாவுல நட்சத்திரம் ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்குது. தெரியுமா மாப்ள, வானத்துல சாராய மேகம் இருக்குதாம்!"

அந்தக் கடைசி வரியை அவனுக்குக் கொடுத்தவள் அவள்தான். போன தை மாதம் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். விண்மீன்கள் பிறக்கிற மேகங்களுக்குள் என்னென்ன மூலக்கூறுகள் இருக்கின்றன என்று தேடுவது அவள் வேலை. தூசியின் மேல் பனி படிகிறது, அந்தப் பனியில் மெத்தனால் உண்டாகிறது, பக்கத்தில் ஒரு விண்மீன் சூடேறினால் அது ஆவியாகி ரேடியோ அலையாகக் குரல் கொடுக்கிறது என்று விளக்கினாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அவள் விடுவாளா?

"சுருக்கமா சொன்னா, வானத்துல சாராயம் மிதக்குது. மெத்தனால் எங்க கேக்குதோ, அங்க நட்சத்திரம் ஒண்ணு பொறக்கப் போவுதுன்னு அர்த்தம்" என்றாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூவரசன் விசிலே அடித்துவிட்டான்.

சித்திரையில் அவள் மகன் சந்தோஷுக்குக் காணையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். துணிமணி, தோடு, தட்டு வரிசை எல்லாம் மாமன் சீர். கறிசோற்றுக்கு முன்னால் பந்தலுக்குப் பின்பக்கம் ஆண்களுக்குச் சரக்கு ஊற்றுவதும் அவன் பொறுப்புதான். அது யாரும் வாய்விட்டுச் சொல்லாத சீர்.

வெயில் மண்டையைப் பிளந்தது. பிள்ளையை மடியில் வைத்திருந்த பூவரசன் கண்ணைக் கசக்கினான். "இன்னாக்கா, சித்திரையில இப்படிப் பனி மூடிக்கினு இருக்குது?"

"மாமனுக்கு ராத்திரி ஏத்தினது இன்னும் எறங்கல!" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது. தமிழ்மொழியும் சிரித்தாள். காது குத்த வந்த பத்தரிடம் நீட்டிய வெற்றிலைத் தட்டை அவன் வெறும் காற்றில் வைத்தான். தட்டு விழுந்து தேங்காய் உருண்டது. அப்போதுதான் அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்த வெயிலிலும் கண்மணி சுருங்காமல் அகலத் திறந்து கிடந்தது.

"இன்னாடா குடிச்ச?"

அவன் வெட்கத்தோடு குரலைத் தாழ்த்தினான். "உன் சரக்குதான்க்கா. அப்புறமா சொல்லலாம்னு இருந்தேன். வானூர் பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனிக்கு லோடு ஏத்தப் போனேன். டிரம்முல எழுதியிருந்துச்சு, எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன், மெத்தனால்! வாட்ச்மேன் கையக் கால புடிச்சு ஒரு கேன் வாங்கியாந்தேன். சந்தோஷு விசேஷத்துக்கு அவங்கம்மா சரக்குன்னா சும்மாவா?"

தமிழ்மொழி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யார் யாருக்குடா ஊத்தின?"

"யாருக்கும் இல்ல. நேத்து சாயங்காலம் நான் மட்டும் ரெண்டு மடக்கு. நான் குடிச்சுப் பாக்காம ஊருக்கு ஊத்துவனா?"

அவள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பந்தலுக்குப் பின்னால் பெரியசாமிப் பெரியப்பா பிளாஸ்டிக் டம்ளர்களை வரிசையாக அடுக்கி, கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். எட்டி ஒரு உதை விட்டாள். கேன் கவிழ்ந்தது; உள்ளே இருந்ததை மண் குடித்தது.

"பேய் புடிச்சிக்கிச்சா உனக்கு?" என்று கத்தினார் பெரியப்பா.

"வெஷம் பெரியப்பா! குடிச்சா கண்ணு போயிடும், உசுரு போயிடும்!" வானத்தில் அதைக் குடிக்க ஆளில்லை. அதனால் பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு வரியைச் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கடுகடுத்தார். "மெத்தனால்னா என்னன்னாவது உங்க வீட்ல யாருக்காச்சும் தெரியுமா?" எட்டு வருஷம் அதை ஆராய்ந்தவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவனுக்குக் குழாய் வழியாக எத்தனாலை ஏற்றினார்கள். ஒரு சாராயத்தின் விஷத்தை இன்னொரு சாராயத்தால் தடுக்கிற வைத்தியம். அவள் மேகங்களில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அங்கே ஒருவர் கண்ணையும் கெடுத்ததில்லை.

உயிர் தங்கியது. பார்வை போனது போனதுதான். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று ஆறுதல் சொன்னார் பெரியப்பா. கண் என்ன தலைப்பாகையா? அவளுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. தன்னையும்தான்.

மூன்றாம் நாள் பூவரசன் தெளிவாகப் பேசினான். "வேற யாரும் குடிச்சிடலியேக்கா?"

"இல்லடா."

"மேகத்துல இருக்கறதும் இதேதானா? அது வேறயா?"

வேறு என்று சொல்லிவிடலாம். அவனிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "இதேதான்டா."

அவன் கையை நீட்டித் துழாவினான். அவள் சந்தோஷை அவன் பக்கத்தில் நிறுத்தினாள். விரல்கள் பிள்ளையின் கன்னத்தைத் தடவி, காதைக் கண்டுபிடித்து, மடலைப் பிடித்துப் பார்த்தன.

"இன்னும் குத்தலியா?"

"இல்லடா."

"பத்தருக்குச் சொல்லியனுப்பு. கண்ணுதான போச்சு? மடி இருக்குதே."

தமிழ்மொழி வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கதறி அழுதாள்.