பம்ப் ஹவுஸ் லைன்ல யாரு?

"லைன் என்னாச்சு?"

ஹெட்போனுக்குள் மேனேஜரின் குரல் இடியாக இறங்கியது. எக்ஸ்சேஞ்ச் அக்கா ஹெட்போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த லைன் சார்?"

"என்னம்மா கேள்வி இது? கரண்ட் லைன்தான்! சாயப் பிரிவுல சொட்டுத் தண்ணி இல்ல. தொட்டியில துணி ஊறிக்கிட்டுக் கெடக்கு. கேக்கறதுக்கு நாதி இல்ல!"

"அது கன்ட்ரோல் ரூம்ல கேக்கணும் சார். லைன் குடுக்கட்டுமா?"

"அதைத்தானே நானும் கேக்கறேன், லைன் எப்பக் குடுப்பீங்க?"

மேனேஜர் படாரென்று வைத்துவிட்டார். அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

அந்தத் துணி மில்லில் 'லைன்' என்று ஒருவர் ஆரம்பித்தால் 'எந்த லைன்' என்று கேட்காமல் நகர முடியாது. டெலிபோன் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இவளுக்கு லைன் என்றால் போன். கன்ட்ரோல் ரூமில் லைன் என்றால் கரண்ட் ஓடும் கம்பி. கேன்டீனில் டீக்கு நிற்பதும் லைன். தறிப் பிரிவில் மிஷின்கள் நிற்பதும் லைன். வேலையை விட்டுப் போகிறவன் "நம்ம லைனுக்கு இது சரிப்படாது" என்று சொல்லிவிட்டுப் போவான். ஓர் ஆணும் பெண்ணும் கொஞ்சம் சிரித்துப் பேசிவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். ஒரே சட்டையை வீட்டிலுள்ள அத்தனை பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது போல, ஒரே வார்த்தையை மில் மொத்தமும் போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தது.

கடைசியாகச் சொன்ன லைனில் அவள் பெயரும் அடிபட்டது. கூட அடிபட்ட பெயர், அணில்.

அணில் மில்லின் லைன்மேன். மற்றவர்கள் ஏணி தேடும் நேரத்தில் அவன் கம்பத்தின் உச்சியில் இருப்பான், அதனால் அந்தப் பட்டம். ஒவ்வொரு முறை கம்பத்திலிருந்து இறங்கியதும், பக்கத்தில் எந்த போன் இருக்கிறதோ அதை எடுத்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுவான். "எறங்கிட்டேங்க" என்று ஒரே ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "எறங்கினா எனக்கென்ன, ஏறினா எனக்கென்ன?" என்றுகூடக் கேட்டிருக்கிறாள். "யார்கிட்டயாவது சொல்லணும்ல" என்றான். அவனுக்கு வீட்டில் அப்படிச் சொல்வதற்கு ஆள் இல்லை என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளே கதி என்று இருந்தவள் அவள். போன வாரம் அணில் நேரிலேயே வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்துவிட்டுக் கேட்டான். அவள், "மகளைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

நேற்று கேட்டாள். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அந்த மாமா உனக்கு லைன் போடறது எனக்கு எப்பவோ தெரியும்மா. நீதான் என்கேஜ்டாவே இருந்த."

அந்தப் பதிலை முந்தானையில் முடிந்துகொண்டு வந்த மாதிரி காலையிலிருந்து அவள் உட்கார்ந்திருந்தாள். நேற்றுப் பெய்த பேய் மழையில் மரக்கிளை முறிந்து, மில்லுக்குப் பின்னாலிருக்கும் பம்ப் ஹவுஸுக்குப் போகும் கம்பியில் விழுந்திருந்தது. கம்பத்தின் மேல் கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்துவிட்டது. ஃபோர்மேன் கீழே நிற்க, அதை மாற்றத்தான் அணில் ஏறியிருந்தான். அந்தப் பக்கம் செல்போன் எடுக்காது. இறங்கியதும் பம்ப் ஹவுஸ் சுவரில் தொங்கும் போனிலிருந்துதான் கூப்பிடுவான். அப்போது பலகையில் பம்ப் ஹவுஸ் விளக்கு எரியும்.

அவள் வேறு எல்லா விளக்குக்கும் பதில் சொன்னாள். பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒரு விளக்கை.

கன்ட்ரோல் ரூம் விளக்கு எரிந்தது.

"அக்கா, நான் மீசை பேசறேன்."

மழமழவென்று சவரம் செய்த முகம். அதனாலேயே அவனுக்கு மீசை என்று பெயர். காலையில் ஆபரேட்டராக இருந்தவருக்குத் திடீரென்று காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போய்விட, பாதி ஷிஃப்டில் வந்து உட்கார்ந்தவன்.

"சொல்லுங்க தம்பி."

"பம்ப் ஹவுஸ் லைன்ல ஆள் யாராச்சும் இருக்காங்களா?"

அவள் பலகையைப் பார்த்தாள். பம்ப் ஹவுஸ் விளக்கு இருட்டாகவே இருந்தது. மனசுக்குள் ஒரு சின்ன ஏமாற்றம்.

"யாரும் இல்ல தம்பி. லைன் ஃப்ரீதான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"காலையிலேருந்து அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்!"

"அப்ப லைன் குடுத்துடலாமா? மேனேஜர் உசிரை எடுக்கறார்."

"தாராளமாக் குடுங்க."

"சரிக்கா."

வைத்துவிட்டான்.

பம்ப் ஹவுஸுக்கு அவன் பேசப்போகிறான் என்று இணைப்புக் கொடுக்கத் தயாராக இருந்தாள். கன்ட்ரோல் ரூம் விளக்கு மறுபடி எரியவில்லை. அதற்குப் பதில் மேனேஜர் அறை எரிந்தது. கன்ட்ரோல் ரூம் வேண்டுமென்றார். கொடுத்தாள்.

கொடுத்த கை அப்படியே நின்றது.

கொடுத்தாள். ஆமாம். போன் லைனைக் கொடுப்பவள் அவள். இந்த மில்லில் போன் வேண்டுமென்றால் எல்லாரும் அவளிடம் "லைன் குடுங்க" என்றுதான் கேட்பார்கள். மீசை அப்படிக் கேட்கவில்லை. "குடுத்துடலாமா" என்றான். அவன் கொடுக்கிற லைன் எது?

அவள் கண் பம்ப் ஹவுஸ் விளக்குக்குப் போனது.

அணில் இறங்கியிருந்தால் கூப்பிட்டிருப்பான். விளக்கு எரியவில்லை. அப்படியென்றால் அவன் இன்னும் மேலேதான் இருக்கிறான். 'லைன்ல யாரும் இல்ல' என்று அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்!

மேனேஜரும் மீசையும் பேசிக்கொண்டிருந்த இணைப்புக்குள் பலகையின் சுவிட்சைத் தட்டி நுழைந்தாள். எக்ஸ்சேஞ்சில் இருப்பவளுக்கு அந்த அதிகாரம் உண்டு. இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதில்லை.

"லைன்ல ஆள் இருக்கு! லைன்ல ஆள் இருக்கு!"

"யாரும்மா அது?" என்றார் மேனேஜர். "லைன்ல நான்தான் இருக்கேன். நடுவுல பூந்து கத்தறே?"

"சார், நீங்க இல்ல சார், மீசை எங்க?"

"என்னை லைன்லயே இருக்கச் சொல்லிட்டு லைன் குடுக்கப் போயிருக்கான். இப்பத்தான் போனான். நீ முதல்ல வை!"

அவள் வைக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள்.

கன்ட்ரோல் ரூம் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில். நடுவில் கேன்டீன். டீ நேரம். கேன்டீன் வாசலிலிருந்து தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள்.

"வழி விடுங்க! வழி!"

"ஏங்க, லைன்ல வாங்க!" என்றார் முதலில் நின்றவர்.

"லைன்ல ஆள் இருக்குங்க!"

"நாங்க எல்லாம் என்ன பொம்மையா? நாங்களும் ஆள்தான், லைன்லதான் நிக்கறோம்."

"எக்ஸ்சேஞ்சம்மாவுக்கு டீ அவசரம்பா!" என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுக்க, சிரிப்பு எழுந்தது.

அவள் பதில் சொல்ல நிற்கவில்லை. தோளால் இடித்தாள். ஒரு டம்ளர் சரிந்து யாரோ சட்டையில் டீ கொட்டியது. "அடி ஆத்தாடி, சூடு!" என்ற அலறல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. ஒற்றைச் செருப்போடு ஓடியதில் இடறியது. மற்றதையும் உதறினாள்.

கன்ட்ரோல் ரூம் கதவை இரண்டு கையாலும் தள்ளினாள்.

மீசை பேனலுக்கு முன்னால் நின்றிருந்தான். வலது கை கைப்பிடியில். மேஜைமேல் கவிழ்த்து வைத்த ரிசீவருக்குள் மேனேஜர் எறும்புக் குரலில் கத்திக்கொண்டிருந்தார்.

"லைன்ல..." மூச்சு வாங்கியது. "லைன்ல ஆள்..."

"தெரியும்க்கா. மேனேஜர்தானே? கட் பண்ணலை, வெச்சிருக்கேன். இதோ, குடுத்துட்டு வந்து பேசறேன்."

கை இறுகியது.

பாழாய்ப்போன அந்த ஒற்றை வார்த்தை அவளை மூன்றாவது தடவையாகக் கைவிட்டது. அதைத் தூக்கிக் கடாசிவிட்டு அவள் கத்தினாள்.

"கம்பியில! கம்பத்து மேல! அணில் இன்னும் எறங்கலை!"

கைப்பிடி கொதித்தது போல மீசை கையை உதறினான்.

மீசை சுவரோடு சுவராகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெள்ளைக் காகிதமாக இருந்தது.

"நீங்க... யாரும் இல்லன்னீங்களே அக்கா."

"நான் போனைச் சொன்னேன்."

"நான் கம்பியைக் கேட்டேன். ஃபோர்மேன் போன் பண்ணி, ஆள் எறங்கியாச்சுன்னு சொன்ன பிறகுதான் குடுக்கணும்னு காலையில இருந்த ஆபரேட்டர் சொல்லிட்டுத்தான் போனார். பம்ப் ஹவுஸ் போன் உங்க வழியாத்தானே வரும்? ஃபோர்மேன் உங்ககிட்டச் சொல்லியிருப்பார்னு நெனைச்சேன். ஆள் வேலை செய்யுதுன்னு மாட்டற போர்டு வேற, மேஜை மேல கெடந்துச்சு. காலை ஆபரேட்டர் கழட்டி வெச்சுட்டுப் போயிருக்கார்னு... அதுல கயிறு அறுந்து விழுந்திருக்கு, இப்பத்தான் பாக்கறேன்." சட்டென்று தலையில் அடித்துக்கொண்டான். "அவனும் நானும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவங்க அக்கா. என் கையால..."

அவள் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"குடிங்க. குடுன்னு சொன்னது நானும்தானே. உங்க கைன்னா அதுல என் வாயும் இருக்கு."

ரிசீவருக்குள் எறும்பு இன்னும் கத்திக்கொண்டிருந்தது. "ஹலோ! ஹலோ! லைன்ல யாருய்யா?"

அவள் எடுத்தாள்.

"சார், எக்ஸ்சேஞ்ச் பேசறேன். பம்ப் ஹவுஸ் கம்பத்து மேல ஆள் இருக்கார். கரண்ட் விட இருந்தோம். தப்பிச்சுது."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு வந்த குரல் அவள் இதுவரை கேட்காத குரல்.

"எறங்கட்டும்மா. மெதுவா எறங்கட்டும். துணி போனாப் போகுது. அந்த ஆபரேட்டர் தம்பி எப்படி இருக்கான்? தனியா விட்றாதீங்க. நான் வர்றேன்."

மீசை எழுந்தான். போர்டின் அறுந்த கயிற்றை எறிந்துவிட்டு, தன் இடுப்பு பெல்ட்டை உருவிப் போர்டைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினான். ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே திரும்பினான்.

"இனிமே இந்த ரூம்ல எவனாவது லைன்னு சொல்லட்டும், பல்லைத் தட்டிக் கையில குடுக்கறேன். கம்பின்னா கம்பி. போன்னா போன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டீ கொட்டிய சட்டையோடு ஒருவர் வாசலில் சண்டைக்கு வந்து நின்றார். உள்ளே இருந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும், கையில் கொண்டு வந்திருந்த அவள் செருப்புகளைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். மேனேஜர் தாழ்வாரத்தில் வேகமாக வருவது தெரிந்தது. மீசையை அவர்களிடம் விட்டுவிட்டு அவள் பலகைக்குத் திரும்பினாள்.

பலகை முழுக்கக் கார்த்திகைத் தீபமாக இருந்தது. ஆபீஸ், குடோன், கேட், சாயப் பிரிவு என்று எல்லா விளக்கும் எரிந்தன. எதையும் அவள் தொடவில்லை. எரியாத ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது எரிந்தது. வீசிய ஹெட்போனை எடுத்து மாட்டினாள்.

"எறங்கிட்டேங்க."

அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"தப்பிக் கரண்ட் வந்தாலும் ஆளைக் காப்பாத்தற அந்த எர்த் ராடு, மாட்டியிருந்தீங்களா, இல்லையா?"

அந்தப் பக்கம் திருட்டு முழி தெரிந்தது, போனிலேயே. "கடைசி போல்ட்டுதானேன்னு கழட்டிக் கீழ அனுப்பிட்டேன். ஃபோர்மேன் திட்டித் தீத்துட்டார். ஏன், என்னாச்சு? உங்க குரலே சரியில்லையே?"

"அறிவு இருக்கா உங்களுக்கு? உங்களுக்காக வீட்ல ஒருத்தி காத்துக்கிட்டு இருப்பாங்கற நெனப்பு வேணாம்?"

"வீட்லயா?" அணில் குழம்பினான். "என் வீட்ல யாருங்க இருக்கா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிவக்கச் சிவக்கத் துடைத்தாள்.

"உங்க வீட்ல இல்ல. மகள் சரின்னுட்டா. சாயங்காலம் மாமாவைச் சாப்பிட வரச் சொல்லுன்னு சொல்லியிருக்கா."

கம்பத்தின் உச்சியிலும் பயப்படாதவனுக்குத் தரையில் நின்றுகொண்டு மூச்சு முட்டுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"நெசமாவா? நேரா வந்துடலாமா? இல்ல, லைன்ல நிக்கணுமா?"

பலகையில் சாயப் பிரிவு விளக்கு, கேட் விளக்கு, குடோன் விளக்கு எல்லாம் கண்ணடித்துக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள், கடைசியில் பம்ப் ஹவுஸ் விளக்கைப் பார்த்தாள்.

"நேரா வாங்க," என்றாள். "இந்த லைன்ல வேற யாரும் இல்ல."