முக்கால் சுற்று

கறுப்புப் பெட்டியா, பழுப்புப் பெட்டியா? நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊரின் பிள்ளைகளை இரண்டாகப் பிளந்த கேள்வி அது. தொலைக்காட்சியோடு இணைத்து வீட்டில் இயக்கும் சின்னக் கணினிகள் அவை. கறுப்பு மெலிந்தது, விலை மலிந்தது. பழுப்பு பருத்தது, இசையில் இனித்தது. எந்தப் பிள்ளையும் ஆராய்ந்து தேர்ந்தெடுத்ததில்லை. கடையில் இருந்ததை அப்பா வாங்கி வந்தார். வந்ததையே குலப்பெருமை ஆக்கிப் பிள்ளை வரிந்து கட்டினான். தற்செயலாய்த் தனக்கொன்று கிடைத்ததற்காக, தற்செயலாய் வேறொன்று கிடைத்தவனை வெறுப்பதற்குப் பெயர் கொள்கையா? கொள்கை என்றுதான் அன்று தொண்டை கிழியக் கூவினார்கள்.

கூவியவர்களில் உரத்த குரல் பல் டாக்டருடையது. கறுப்புப் படைக்கு அவர் தளபதி. பழுப்புப் படைக்குத் தளபதி, இன்று அச்சகம் நடத்தும் சுருட்டை முடிக்காரர்.

அந்தப் பகையைக் கரைத்தது எந்த உபதேசமும் அல்ல, பழுது! பழுப்புப் பெட்டியின் மின்பலகை கருகியபோது, அதைப் பற்றவைக்கும் நுண்மை டாக்டரின் விரல்களில்தான் இருந்தது. கறுப்புப் பெட்டியின் விசைகளுக்கு அடியில் இருக்கும் விசைத்தாள் இற்றபோது, புதிதாய் அச்சடித்துத் தர அச்சகத்தால்தான் முடிந்தது. இப்போது ஞாயிறுதோறும் பழைய பெட்டிகளைப் பழுதுபார்க்கத் தையற்கடை மாடியில் இருவரும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். கடை அக்காதான் நடுவர். அவரிடம் அன்று இருந்தது, ஊரில் வேறு யாருமே வாங்காத வெள்ளைப் பெட்டி.

"ரெண்டு பேரும் சேந்து என்னோடத சோப்பு டப்பான்னு சொன்னவங்கதானே? ஒழுங்கா வேலையப் பாருங்க" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரின் கையில் ஒரு கேசட் இருந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு நிரல்களை ஒலியாய்ப் பதிந்துவைக்க அதுதான் வழி. பதினேழு வயதில் அவரே எழுதிய ராக்கெட் விளையாட்டு அதில் இருந்தது. இருந்ததாக அவர் சொல்லிவந்தார். ஊர்ப் போட்டியன்று முந்நூறு பேர் முன்னிலையில் அது கேசட்டிலிருந்து கணினியில் ஏறவேயில்லை. "இதோ லோடாகுது... இதோ லோடாகுது..." என்று மேடையில் அரைமணி நேரம் நின்றவருக்கு 'லோடிங்' என்ற பட்டம்தான் மிச்சம். பல் டாக்டர் ஆன பின்னும் அவர் 'லோடிங் டாக்டர்'தான். அந்த விளையாட்டை அவர் எழுதினார் என்பதற்கு அவர் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இரண்டு முறை ஓட்டினார். திரையில் கோடுகள் துடித்தன, அடங்கின. தன் பழைய ரிக்கார்டரில், நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் தாங்கும் திருகை இப்படி மயிரிழை, அப்படி மயிரிழை திருப்பியும் பயனில்லை. நாடாவிலிருந்து பழுப்புத் தூள் மேசையில் உதிர்ந்தது.

"இன்னும் ஒரு தடவதான் தாங்கும் தம்பி. அதுக்கப்புறம் வெறும் நாடாதான்" என்றார் அக்கா.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "விடுங்கக்கா. நான்தான் தப்பா எழுதியிருக்கேன். இத்தன வருசமா எனக்கே நான் கதை விட்டிருக்கேன்போல."

எதிரில் விசைத்தாள் ஒட்டிக்கொண்டிருந்த அச்சகக்காரர் நிமிர்ந்தார்.

"அத மட்டும் சொல்லாதய்யா."

"ஏன்?"

"அந்தத் திருகத் திருப்பினது நான்தான். போட்டிக்கு மூணு நாள் முன்னாடி நோட்டு கேட்டு உன் வீட்டுக்கு வந்தேன்ல? நீ தண்ணி எடுக்க உள்ள போன. முக்கால் சுத்து. இடது பக்கம்."

டாக்டர் ரிக்கார்டரின் திருகைக் குனிந்து பார்த்தார்.

டாக்டருக்கு எல்லாம் விளங்கிற்று. அன்று மாலைதானே முடித்த விளையாட்டைப் புதுக் கேசட்டில் பதிந்தார்! சாய்ந்த ஹெட்டில் பதிந்ததை, போட்டி அரங்கின் ரிக்கார்டரில் இருந்த நேரான ஹெட் எப்படிப் படிக்கும்? தோற்ற கோபத்தில் ரிக்கார்டரைக் கடையில் கொடுத்தார். கடைக்காரர் ஹெட்டை நிமிர்த்திவிட்டார். அன்றோடு அந்தக் கேசட்டைப் படிக்க உலகில் ஒரு கருவியும் இல்லாமல் போயிற்று. பழுது விளையாட்டில் இல்லை!

எழுந்தார். கையில் திருப்புளி. அக்கா பதறினார்.

"தம்பி, அடிச்சுக்கறதா இருந்தா கீழ போய் அடிச்சுக்கங்க. மேல துணி இருக்கு."

டாக்டர் திருப்புளியை அச்சகக்காரரிடம் நீட்டினார். "உனக்குத்தானே அளவு தெரியும்? நீயே திருப்பு, பாவி."

அச்சகக்காரர் திருகை இடது பக்கம் முக்கால் சுற்றுத் திருப்பினார். கேசட் ஓடியது. கீச்சொலி. கோடுகள். மூன்று பேரும் மூச்சை மறந்த நாலு நிமிடம். பிறகு திரை முழுவதும் விண்மீன்கள். நடுவே ஒரு ராக்கெட்!

"மொதல்ல காப்பி எடுங்க, அப்புறம் கூத்தாடுங்க!" என்று அக்கா அதட்டி, இன்னொரு ரிக்கார்டரை இழுத்து, புதிய கேசட்டில் தாமே பதிந்தார். அதன் பிறகே ஆட்டம் தொடங்கியது. மேலிருந்து ஒரு பூதம் இறங்கியது. உடம்பு பழுப்புப் பெட்டி. தலையில் சுருட்டை முடி. முன்வரிசையில் ஒரு பல் இல்லை.

அச்சகக்காரர் மூக்கு திரையில் முட்டக் குனிந்தார். "யாருய்யா இது?"

டாக்டரின் முகம் சிவந்தது. "சத்தியமா மறந்தே போச்சுய்யா."

"முந்நூறு பேர் முன்னாடி என்னையாடா சுட இருந்த? நான் திருப்பினது எவ்வளவு நல்லதாப் போச்சு!"

அக்கா சிரித்த சிரிப்பில் ஊசிப்பெட்டி கவிழ்ந்தது. டாக்டர் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். அச்சகக்காரரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, தன்னைத் தானே ஒன்பது முறை சுட்டு வீழ்த்திய பின்னும் இடம் கொடுக்கவில்லை.

"என் ஆட்டத்த நான் ஆட வேண்டாமா? எழுந்திரிய்யா!"

"இருய்யா. ஆட்டம் பிரமாதம். ஆனா பாட்டு இல்ல. எங்க பழுப்புல இருந்திருந்தா..."

"அப்போ பழுப்புக்கு மாத்தி எழுதுவோம். நீ பாட்டு போடு."

"அதுல பூதம் யாரு?"

"நான்தான். பெரிய கண்ணாடி, ரெண்டு காது. வரையறது சுலபம்."

அக்கா அதற்குள் பூதத்தின் உருவுக்காகக் கட்டம் போட்ட தாளை விரித்து, டாக்டரின் காதுகளை வரையத் தொடங்கியிருந்தார். முதல் காதே பன்னிரண்டு கட்டத்தைத் தாண்டிவிட்டது.