காளவாய் மைதானம் ஓட்டுக்கு வந்த நாள்

காளவாய் மைதானத்துக்காரர்களுக்கு வாயை மூடிக்கொண்டு ஒரு காரியம் செய்யத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் மேட்சில் பந்தை உதைப்பவர்கள் யாரோ, ஜெயித்தது நாங்கள் என்று மார்தட்டுவது கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தியவர்கள். அல்சூர் ஏரிக்குப் பின்பக்கம் இருக்கிற அந்தப் பேட்டையில் அப்படிக் கத்தி வளர்ந்தவள்தான் ஜோவிதா. தொண்ணூற்றாறில் மாநகராட்சித் தேர்தல் வந்து, வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கியபோது, நம்மில் பெரிய குரல் யாருக்கு என்று கேட்டுத்தான் அவளை நிறுத்தினார்கள். படிப்பென்ன, பணமென்ன என்பதையெல்லாம் மற்ற வார்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜெயித்துக் கார்ப்பரேட்டர் ஆனவள் பேட்டையின் பெயரைக் காப்பாற்றத்தான் செய்தாள். அவள் கட்சி எதிர்வரிசையில் இருந்தது. அவர்களுக்கு ஒரு வழக்கம். கூட்டம் தொடங்கியதும் மொத்தப் பேரும் இருக்கையை விட்டு எழுந்து, மேயர் மேஜைக்கு முன்னால் திரண்டு கோஷம் போடுவார்கள். தண்ணீர் வரவில்லை என்று ஜோவிதா போட்ட கோஷத்தில் பக்கத்தில் நின்றவர் காதைப் பொத்திக்கொண்டார். மறுநாள் கன்னடப் பேப்பரில் கையை உயர்த்தியபடி அவள் படம் வந்தது. பேட்டை டீக்கடையில் அதைப் பாய்லருக்கு மேலே ஒட்டிவைத்தார்கள். மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள்.

அவர்கள் அங்கே கத்திக்கொண்டிருந்த நேரத்தில் மேயர் தீர்மானங்களை நம்பர் நம்பராகப் படித்துக்கொண்டே போயிருக்கிறார். மேயர்மேல் தப்புச் சொல்ல முடியாது. எதிர்க்க ஆள் இல்லாத தீர்மானம் நிறைவேறிய தீர்மானம்தான். எதிர்ப்பைச் சொல்ல வேண்டிய மைக் இருக்கையில் இருக்கிறது. இருக்கையில்தான் ஒரு ஆளும் இல்லையே. அப்படி நிறைவேறியவற்றில் ஒன்று, அவள் பேட்டைக்கு வரவிருந்த தெருவிளக்குகளை வேறு வார்டுக்குத் தள்ளிவிட்டது. கூட்டம் முடிந்த பிறகுதான் ஜோவிதாவுக்கு விஷயம் தெரிந்தது. விளக்கில்லாத தெருவில் நின்றல்லவா பட்டாசு வெடித்தோம் என்று நினைத்து நினைத்து அவள் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்த தீர்மானங்களில் மைதானமே இருந்தது. காளவாய் மைதானத்தைக் கடைகள் கட்டக் குத்தகைக்கு விடுவதாக உத்தேசம். மைதானம் போனால் பேட்டையில் என்ன மிஞ்சும்? முட்டிக்கொண்டு நிற்கிற வீடுகளும் சந்துகளும்தான்.

கட்சித் தலைவர் கஸ்தூரிரங்கன் போன் செய்தார். கவுன்சிலில் அவர் சொல்வதுதான் அவர்களுக்குச் சட்டம்.

"நாளைக்கு உங்க மைதானத்துக்காகவே மேயர் மேஜைக்கு இறங்குறோம்மா. நீங்கதான் முன்னாடி நிக்கணும். பிரெஸ் எல்லாம் வருது."

"இறங்க வேணாம் சார். எல்லாரும் சீட்ல உக்காந்தே எதிர்ப்போம். ஓட்டுக்கு விடச் சொல்லுவோம்."

"உக்காந்துக்கிட்டு எதிர்ப்பா? அதுல போட்டோ என்னம்மா வரும்?" என்று சிரித்தார். "நான் சொல்றபடி வாங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பேட்டை ஒரு டெம்போ பிடித்து மாநகராட்சிக்குக் கிளம்பியது. ஆட்டோ ஓட்டுகிற உத்தமன்தான் ஏற்பாடு. மைதானத்து டீமுக்கு அவன்தான் எல்லாம். படியேறும்போதே ஜோவிதா அவனைப் பிடித்து, "கேலரியில சத்தம் போட்டா வெளிய அனுப்பிடுவாங்கப்பா. ஆட்கள்கிட்ட சொல்லி வை" என்றாள்.

"நாங்க எதுக்குக்கா கத்தணும்? அதான் நீங்க இருக்கீங்களே" என்றான் உத்தமன், பெருமையாக.

கூட்டம் தொடங்கியது. கஸ்தூரிரங்கன் கையை வீசினார். எதிர்வரிசை முழுக்க எழுந்து மேயர் மேஜைக்குப் போனது. ஜோவிதா எழுந்திருக்கவில்லை.

சொல்வது சுலபம். கோஷம் கேட்டால் தானாகத் திறக்கிற வாய் அவளுடையது. நாற்காலிக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரிரங்கன் திரும்பிப் பார்த்து வா என்றார். பிறகு முறைத்தார். மேலே பார்வையாளர் கேலரியிலிருந்து உத்தமன் எட்டிப்பார்த்து, "எந்திரிங்கக்கா" என்று கெஞ்சினான். அவனுக்குப் பின்னால் இன்னொரு குரல், "அக்காவை வெல பேசிட்டானுங்கடா" என்றது.

தெரிந்த குரல்தான். கூடப் பள்ளிக்கூடம் போனவன். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வந்தது. மேலே திரும்பி அவனை நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. திரும்பினால் நம்பரைத் தவற விட்டுவிடுவோம் என்று பயந்து, மேயரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சலில் வேறு வழியில்லை.

மைதானத்தின் நம்பர் வந்தது. ஜோவிதா மைக்கின் பொத்தானை அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நானு விரோத மாட்தீனி, மேயர் ஸார். வோட்டிகெ ஹாக்கி."

எதிர்க்கிறேன், ஓட்டுக்கு விடுங்கள். சந்தையில் காய்கறி விலை கேட்கிற கன்னடம், வீட்டில் பேசுகிற குரல். மேஜை முன்னால் அத்தனை பேர் போட்ட கூச்சலுக்கு மேலே, அரங்கத்தின் ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலிருந்தும் அது கேட்டது. கோஷம் பாதியில் நின்றது. மேயர் பக்கத்திலிருந்த செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலையாட்டினார்.

ஓட்டென்றால் எல்லோரும் இருக்கைக்குப் போக வேண்டும். போனார்கள். கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துகிறவனுக்கு முகம் கிடையாது. கை தூக்குகிறவனுக்கு உண்டு. மேலே கேலரி நிறையக் காளவாய் மைதானத்து ஜனங்கள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் மேயர். ஜோவிதாவின் கை முதலில் எழுந்தது. அவள் கட்சிக் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கஸ்தூரிரங்கன் கேலரியை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தானும் தூக்கினார். எதிர்பாராத அதிசயமாக ஆளுங்கட்சி வரிசையிலிருந்தும் சில கைகள் எழுந்தன. அவர்கள் வார்டுகளிலும் மைதானம் இருக்கத்தானே செய்கிறது.

தீர்மானம் தோற்றது என்று மேயர் படித்தபோது ஜோவிதா கேலரியை நிமிர்ந்து பார்த்தாள். பேட்டை முழுக்க எழுந்து நின்றது. விசிலடித்தே பழகிய அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். பிறந்ததிலிருந்து அவள் அந்த ஜனங்களை அப்படிப் பார்த்ததில்லை. அவர்களுக்குக் கார்ப்பரேட்டராக இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

வெளியே நடையில் கஸ்தூரிரங்கன் வழிமறித்தார். முகம் சிவந்திருந்தது.

"கட்சி இறங்கினா நீங்களும் இறங்கணும். எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டீங்க. அடுத்த எலெக்‌ஷன்ல உங்களுக்கு டிக்கெட் கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்."

உத்தமன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான். ஜோவிதா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"குடுக்க வேணாம் சார். ஆனா நீங்க யாரை நிறுத்தினாலும், எங்க பேட்டையில மேடை போட்டு ஓட்டுக் கேக்கறதுக்கு எங்க வருவீங்க? காளவாய் மைதானத்துக்குத்தானே? தாராளமா வாங்க. இடம் இருக்கு."