தாம்பூலப் பையின் உள்துணி

“சித்தி நம்ம வீட்டுக் குப்பையிலதான பை தைக்குது? அப்ப அந்தப் பை யாருதும்மா?”

சத்யபிரியா இதைக் கேட்டபோது ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். இப்போது நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டவளுக்கு அது நினைவில்கூட இருக்காது. அவள் அம்மா திலகவதிக்குத்தான் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக அந்தக் கேள்வி நின்றுவிட்டது.

திலகவதி வல்லத்திராக்கோட்டையில் ஜாக்கெட் தைப்பவள். மெஷினுக்குக் கீழே சேரும் வெட்டுத்துணியை முன்பெல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்துவாள். கொழுந்தன் மனைவி அருணா பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பிறகு, “கொளுத்தாதீங்கக்கா, நான் எடுத்துக்கிறேன்” என்று கேட்டு வாங்கிப் போக ஆரம்பித்தாள்.

அருணாவிடம் மெஷின் இல்லை. எல்லாம் கைத்தையல்தான். வெட்டுத்துணியை ஒட்டுப்போட்டுப் பை தைத்தாள். அரிசிச் சாக்கை அடியில் கொடுத்துக் கால்மிதி செய்தாள். கிழிந்த குடையின் துணியில் மிக்ஸிக்கு உறை போட்டாள். பழைய நைட்டியை மடித்துச் சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி தைத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்கள் வாசலில் நின்றே ஆரம்பித்துவிடுவார்கள். “ஒன் ஓரகத்தி கையில என்ன வாகு திலகா! ஒண்ணுத்துக்கும் ஆகாத துணியில பூ வச்சிருக்கா பாரு.”

“துணி எங்க வீட்டுதுதான்” என்பாள் திலகவதி.

“துணி எல்லார் வீட்டுலயுந்தான் கெடக்கு” என்று பதில் வரும்.

ஒரு கட்டத்தில் வெட்டுத்துணியை இன்னும் பொடியாக நறுக்கிச் சாக்கில் போட்டாள். எதற்கும் உதவாமல் போகட்டும் என்றுதான். அருணா அந்தப் பொடியை அடைத்துச் சின்னச் சின்னத் தலையணைகள் செய்தாள். பால்வாடிப் பிள்ளைகள் அதில் தலைவைத்துத் தூங்கின. டீச்சர் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். திலகவதியின் போனுக்கும் அது வந்தது. அன்று குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள்.

தை மாதம் உரக்கடைக்கார வீட்டு அழகியக்கா தன் மகள் கல்யாணத்துக்கு முகூர்த்த ஜாக்கெட் தைக்கத் திலகவதியிடம் வந்தாள். பட்டுத்துணியைக் கொடுத்துவிட்டு, “அருணா இருக்காளா? சம்பந்தி வீட்டுப் பொம்பளைங்களுக்கு மட்டும் தாம்பூலப் பை அவகிட்டச் சொல்லணும். வித்தியாசமா இருக்கும்” என்றாள்.

“நானே தச்சுத் தாரேனே. மெஷின்ல கெட்டியா இருக்கும்.”

“ஒனக்கு ஜாக்கெட்டு இருக்குல்ல. அது அவ கைக்குத்தான் வரும்.”

அழகியக்கா அடுத்த வீட்டுக்குப் போனதைத் திலகவதி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து அருணா ஒரு பையைக் கொண்டுவந்து காட்டினாள். வெளியே மஞ்சளும் குங்கும நிறமும் ஒட்டுப்போட்டு, பார்க்கவே கோயில் கோலம் மாதிரி இருந்தது. திலகவதி வாயைப் பிரித்து உள்ளே பார்த்தாள். உள்துணி கறுப்பு.

“கார்த்திகையில மாலை போட்ட பிள்ளைகளுக்கு நீங்க சட்டை தச்சீங்கள்ல, அந்தத் துணிக்கா. சாமி துணி, கல்யாணத்துக்கு நல்லதுன்னு பாதிப் பைக்கு அதையே வச்சிட்டேன். தேங்கா ஈரம் பட்டாலும் தெரியாது.”

ஐயப்பனுக்கு உகந்த கறுப்பு தாம்பூலத்துக்கு ஆகாது. சுமங்கலிக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கிற பையில் கறுப்பு நூல் ஓடினால்கூட அழகியக்கா சும்மா விடமாட்டாள். சம்பந்திகள் முன்னால் அந்தப் பை பிரிந்தால் அருணாவிடம் இனி ஒருவரும் ஒரு கால்மிதி கேட்கமாட்டார்கள். ஒரு சொல் சொன்னால் போதும், அவள் மாற்றிவிடுவாள்.

“நல்லாத்தான் யோசிச்சிருக்க” என்றாள் திலகவதி.

அன்று மாலை விளக்கேற்றும்போது முருகன் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குனிந்தபடியே திருநீறு பூசிக்கொண்டாள்.

மறுநாள் முகூர்த்தப் பட்டுத்துணியை வெட்ட உட்கார்ந்தாள். கை துணியில் இருந்தது. மனம் கல்யாண மண்டபத்தில், பை பிரிகிற அந்த நேரத்தில் இருந்தது. வெட்டி முடித்துத் துண்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஜாக்கெட்டின் கை இரண்டும் இடது கையாகவே வெட்டுப்பட்டிருந்தன. சேலையோடு சேர்ந்து வந்த துணி அது. கடையில் தேடினாலும் கிடைக்காது. கெட்டுப்போன கையை வெட்டுத்துணிச் சாக்கின் அடியில் திணித்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

சாக்கை எடுக்க வந்த அருணா சற்று நேரத்தில் அதே துண்டோடு திரும்பி வந்தாள்.

“அக்கா, இது கழிச்ச துணி இல்லையே.”

திலகவதி படுத்தபடியே திரும்பிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தே அருணாவுக்குப் புரிந்துவிட்டது. சாக்கைத் தரையில் கொட்டி, அந்தப் பட்டின் பொடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கெட்டுப்போன கையைப் பிரித்து, பொடிகளைச் சேர்த்து, ஒட்டு விழுந்த இடமெல்லாம் ஜரிகைக்கு அடியில் மறையும்படி வைத்துத் தைத்தாள். பொழுது சாய்வதற்குள் வலது கை தயாராகிவிட்டது.

“யாருக்கும் தெரியாதுக்கா. எந்திரிச்சுச் சாப்பிடுங்க.”

அந்த உதவியும் திலகவதிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. தன் தவறைச் சரிசெய்யவும் இவள்தானா என்று தோன்றியது. அழகியக்கா ஜாக்கெட்டை வாங்க வந்தபோது அருணாவும் அங்கே இருந்தாள். ஜாக்கெட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அழகியக்கா, “இந்த நறுவிசு ஒனக்குத்தான் வரும் திலகா” என்றாள்.

திலகவதி அருணாவைப் பார்த்தாள்.

“அக்கா கையின்னா சும்மாவா?” என்றாள் அருணா. அவள் முகத்தில் கேலி இல்லை. பெருமைதான் இருந்தது. தன்னையே யாரோ பாராட்டியது போன்ற பெருமை.

மனித மனம் கல்லல்ல. கனியும் நேரத்தை மட்டும் அது தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

அடுத்த நாள் அருணா வந்து நின்றாள். “பையெல்லாம் கட்டி வச்சிட்டேன்க்கா. சாயங்காலம் அரவிந்த்குமார் வந்து எடுத்துக்கிரும். நான் புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வாரேன். சாவி இந்தாங்க.”

“அழகியக்கா மகன்கிட்ட நானே எடுத்துக் குடுக்குறேன். நீ போயிட்டு வா.”

மினி பஸ் ஹாரன் சத்தம் தேய்ந்ததும் திலகவதி அடுத்த வீட்டைத் திறந்து, வேட்டியில் கட்டியிருந்த மூட்டையைத் தன் மெஷினுக்குக் கொண்டுவந்தாள். கறுப்பு உள்துணி வைத்த பைகளைத் தனியே எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஜாக்கெட்டுகளுக்கென்று வாங்கி வைத்திருந்த புது மஞ்சள் லைனிங்கை விரித்து வெட்டினாள். மெஷினில் ஓட்டினால் தையல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பட்டது. ஊசியை எடுத்து, அருணா போடுகிற மாதிரி நெருங்கிய கைத்தையலாகவே போட்டாள். பழக்கமில்லாத விரலில் ஊசி ஏறியது. ரத்தம் துணியில் படாமல் வாயில் வைத்துக்கொண்டு மறுபடி தைத்தாள்.

வெயில் சாய்வதற்குள் கடைசிப் பையும் முடிந்தது. முன்பிருந்த வரிசையிலேயே அடுக்கி, அதே முடிச்சுப் போட்டு, அருணா வீட்டில் எடுத்த இடத்தில் வைத்தாள். வந்த வழியில் இரண்டு மஞ்சள் நூல்கள் உதிர்ந்து கிடந்தன. குனிந்து பொறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டு கதவைப் பூட்டினாள்.