மாமாவும் சாரும்

யாரோ போட்ட மொட்டைக் கடுதாசியில் விஷயம் ஒரே வரிதான். மருந்துக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி, அட்டைப்பெட்டி சப்ளை செய்பவரைப் போனில் ‘மாமா’ என்று கூப்பிடுகிறாள். ஆர்டரெல்லாம் உறவுக்காரருக்கே போகிறது. அதை விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த மேடம், தமிழைப் புத்தகம் வைத்துப் படித்தவர். எதிரே கொள்முதல்காரி உட்கார்ந்திருந்தாள்.

“மாமா என்றால் தாயின் சகோதரர். சரியா?”

“சரிதான் மேடம். ஆனா இவரு அந்த மாமா இல்ல. வயசுல பெரியவரு, பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரல.”

சொந்தமில்லாத ஒருவரிடம் எதற்குச் சொந்தம் கொண்டாட வேண்டும் என்று மேடம் கேட்டார். பஸ் கண்டக்டர் அண்ணன், காய் விற்கிறவள் அக்கா என்று இவள் விளக்கப் போக, அதையும் மளமளவென்று எழுதிக்கொண்டார். எழுத எழுத ஊரே உறவாகி, விவகாரம் பெருத்துக்கொண்டு போனது. அட்டைப்பெட்டிக்காரரோ சொன்ன தேதி தவறாதவர். இத்தனை வருஷத்தில் ஒரு பேனாகூடப் பரிசாக நீட்டியதில்லை.

“லேபிள் அச்சடிப்பவர்?”

“அவரை சார்னுதான் மேடம் கூப்பிடறேன்.”

பொய்யில்லை. மூன்று வருஷமாக அப்படித்தான் கூப்பிடுகிறாள். அந்த சார்தான் அவள் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஆபீசில் மாமா கீமா என்று வாய் தவறிவிடாதே என்று அவரேதான் சொல்லி வைத்திருந்தார். கோணலாக வந்த லேபிளைக்கூட அவள் கண்டும் காணாமல் விட்டிருக்கிறாள். தாய்மாமனுக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வாய் என்பது அம்மாவின் கட்சி. இந்த அறைக்குள் வந்து உட்காரும்வரை அவளுக்கும் அது தப்பாகத் தோன்றியதே இல்லை.

லேபிள்காரருக்கு நேரே ‘உறவு இல்லை’ என்று எழுதினார் மேடம். பெட்டி ஆர்டரை இந்த மாதத்தோடு நிறுத்தச் சொல்லப் போவதாகவும், மழை வரும்போலிருக்கிறது என்கிற குரலில் தெரிவித்தார். பெட்டிக்காரருக்கு இந்தக் கம்பெனிதான் பிழைப்பே. உண்மையைச் சொன்னால் அவர் தப்பிப்பார். இவள் வேலையும் போகும், அம்மாவின் தம்பிக்குப் போகும் ஆர்டரும் போகும். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மேசையில் போன் அடித்தது. லாரி கிளம்பியதைச் சொல்லப் பெட்டிக்காரர் கூப்பிடுகிற நேரம். மேடம் ஸ்பீக்கரை அழுத்தினார்.

“சொல்லுங்க சார்,” என்றாள்.

அந்தப் பக்கம் லாரி உறுமுவது கேட்டது.

“மன்னிக்கணுங்க, நம்பர் மாறிடுச்சு போல. அங்க நம்ம பொண்ணு ஒண்ணு வேலை பாக்குது, அதுக்குத்தான் போட்டேன்.” வைத்துவிட்டார்.

மேடம் குனிந்து, ‘மாமா’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘மகள்?’ என்று எழுதினார். போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.