தண்ணீர்க்காரியின் அட்டை

மாமியாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. இரண்டு மாதம் எங்கள் சின்ன அறையில் தங்க வருகிறார். கட்டில் போட வேண்டிய இடத்தில் என் கண்ணாடி அலமாரி நின்றது. அதற்குள், உலகம் அழிந்த பிறகும் சாகாமல் அடம்பிடிக்கும் நாற்பத்து மூன்று பேர்.

"பாதியை வித்துடுங்க. மீதியை பீரோ மேல ஏத்திக்கலாம்" என்றாள் மனைவி. "நாப்பத்தாறு வயசுல பொம்மை."

நான் வாதாடவில்லை. வாதாடித் தோற்ற அனுபவம் நிறைய. ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு வாழ்க்கைக் கதை எழுதியிருக்கிறேன். நான் லென்ஸ் தீட்டும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வீணாகும் கண் பரிசோதனை அட்டைகளின் பின்புறத்தில். ஊரே சாம்பலான பிறகும் கையெழுத்து வாங்க ஆள் தேடி அலையும் ஒற்றைக்கண் தபால்காரர். கதிர்வீச்சில் மூன்றாவது கை முளைத்தும் ஒரு ஃபைலைக்கூடத் தொடாத குமாஸ்தா. இப்படி.

வாங்க வந்தவர் பல் டாக்டர். பொம்மை சேர்க்கும் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கை மாறும்போது பழைய சொந்தக்காரர் அட்டையைச் சத்தமாகப் படிக்க வேண்டும். படிக்காமல் கொடுத்தால் அது வெறும் பிளாஸ்டிக். டாக்டர் இதில் ரொம்பக் கறார்.

அவர் முதலில் விரல் நீட்டியது தண்ணீர்க்காரியை. எனக்குக் கொடுக்க மனமில்லை. அந்த அட்டை மனைவி காதில் விழவும் கூடாது.

"அது வேணாமே டாக்டர். இடுப்புல விரிசல்."

"உலகம் அழிஞ்சா விரிசல் விடத்தான் செய்யும். படிங்க."

அந்த நேரம் பார்த்து மனைவி டீயோடு வந்து நின்றாள். நான் முணுமுணுத்தேன்.

"பல்லு வலிக்குதா? வாயைத் திறந்து படிங்க சார்."

படித்தேன். "தண்ணீர்க்காரி. குழாயை மூடு என்று ஒருவனைப் பதினோரு வருடம் திட்டியவள். அவன் மூடவில்லை. உலகம் அழிந்த அன்று மிஞ்சியது அவள் பிடித்து வைத்த ஒரு குடம்தான். இன்றும் பங்கு பிரிக்கும்போது முதல் டம்ளரை அவனுக்கே தருகிறாள், திட்டிக்கொண்டே."

சமையலறையில் குழாய் சொட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"யாருங்க அந்த ஒருத்தன்?" என்றாள் மனைவி.

"சும்மா... கற்பனை."

"பிரமாதம்" என்றார் டாக்டர். "இவளை எடுத்து வைங்க."

மனைவி டீத்தட்டை என் கையில் திணித்துவிட்டு, தண்ணீர்க்காரியைத் தூக்கிக்கொண்டாள்.

"இருங்க டாக்டர். அட்டையில தப்பு இருக்கு. பதினோரு வருஷமில்ல, பதினாலு. தப்பான அட்டையோட கைமாத்தலாமா?"

டாக்டர் முகம் சுருங்கியது. "கூடாதும்மா. திருத்தித்தான் தரணும்."

"திருத்திடறேன். ஆனா நிறைய தப்பு. நாளாகும்."

"எவ்வளவு நாள்?"

"அவர் குழாயை மூடக் கத்துக்கிட்டதும் சொல்லி அனுப்பறேன்."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, தபால்காரர், குமாஸ்தா என்று வேறு இருபது பேரை எடுத்துக்கொண்டு போனார்.

அலமாரியை நகர்த்த மனைவியை உதவிக்குக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை, மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்திருந்தாள். பதினொன்று பதினாலானது. முதல் டம்ளர், அரை டம்ளரானது. 'திட்டிக்கொண்டே' என்பதை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.