சிட்டுவின் தமிழ்

அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். ஒரு சொல் கேட்டால் நாலு சொல் தருவாள் என்பதால் வந்த பெயர். வீட்டில் கணவனும் அதையே பிடித்துக்கொண்டான். அவன் சொல்லும்போது மட்டும் 'அகராதி பிடிச்சவ' என்ற அர்த்தம் முன்னால் வந்து நின்றது.

வெளிநாட்டு நிறுவனங்களின் இணையதளங்களைத் தமிழில் மாற்றித் தருவது அவள் வேலை. பக்கத்து மேசையில் சிட்டு. இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். பஸ் டிக்கெட் விற்கும் தளம் ஒன்று வந்தபோது, மேலாளர் இருவரிடமும் ஒரே பக்கத்தைக் கொடுத்து மாதிரி கேட்டார். 'புறப்படும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்று அகராதி எழுதினாள். 'எங்கிருந்து கிளம்புறீங்க?' என்று சிட்டு எழுதினாள். வாடிக்கையாளருக்குச் சிட்டுவுடையதுதான் பிடித்தது.

அன்றைக்கு அகராதி சிரித்த முகத்தோடு கைகுலுக்கிவிட்டுத்தான் வந்தாள். வயிற்றெரிச்சல் தொடங்கியது இரண்டு மாதம் கழித்து, தளம் வெளியான பிறகு. வீட்டுக் கூடத்துக் கணினியில் அதைத் திறந்தால், யாரும் கேட்காமலே அது தமிழில் திறந்தது. 'வாங்க, எங்கிருந்து கிளம்புறீங்க?' தன் வீட்டுக்குள்ளேயே சிட்டு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு தன்னையே விசாரிப்பது போலிருந்தது. ஆங்கிலத்துக்கு மாற்றினாள். மறுநாள் திறந்தால் மறுபடியும், வாங்க.

மாடியில் குடியிருந்த நாத்தனார் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள்; மகளைப் பார்க்கப் போக இந்தக் கணினியில்தான் டிக்கெட் எடுப்பாள்.

"இது உங்க ஆபீஸ்ல எழுதினதா? யாரோ பக்கத்துல உக்காந்து கேக்குற மாதிரியே இருக்கு," என்றாள்.

அகராதி ஆமாம் என்று மட்டும் சொன்னாள். நீ எழுதினதா என்று நாத்தனார் கேட்காதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். கேட்கக்கூடத் தோன்றவில்லையே என்று அப்புறம் அதற்கும் பொருமினாள்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள். தளங்கள் எதை வைத்து மொழியை முடிவு செய்கின்றன என்று தேடிப் படித்தாள். பிரவுசரின் மொழி வரிசையில் எது முதலில் இருக்கிறதோ அதைப் பார்க்கின்றன. ஆள் இருக்கும் இடத்தைப் பார்க்கின்றன. சில, போன தடவை தேர்ந்தெடுத்ததை ஞாபகம் வைத்துக்கொள்கின்றன. ஞாபகத்தை அழித்தாள். இடம் அறியும் அனுமதியை நிறுத்தினாள். கடைசியில் மொழி வரிசையில் முதலாவதாக இருந்த தமிழை நீக்கினாள். அதை அங்கே வைத்தவளே அவள்தான். தமிழில் சோறு தின்கிறவள் தன் கணினியிலிருந்து தமிழை எடுக்கிறோமே என்று ஒரு கணம் விரல் தயங்கியது. பிறகு அழுத்திவிட்டாள். மிச்சமிருந்தது, கணினி வாங்கிய நாளிலிருந்தே அதில் கிடந்த ஏதோ தூரதேசத்து ஆங்கிலம். தளத்தைத் திறந்தாள். சிட்டு இல்லை. அன்றைக்கு மத்தியானம் நன்றாகத் தூங்கினாள்.

நாத்தனார் வந்து ஏன் எல்லாம் இங்கிலீஷாக இருக்கிறது என்று கேட்டபோது, கம்பெனிக்காரன் ஏதோ மாற்றியிருப்பான் என்று சொல்லிவைத்தாள். நாத்தனாருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. சமாளித்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தாள். மே மாதம் ஆறாம் தேதி மகளுக்கு ஓட்டப் பந்தயம். 6/5 என்று அடித்து டிக்கெட் எடுத்தாள். டிக்கெட்டிலும் 06/05 என்றே இருந்தது.

அந்தத் தூரதேசத்து ஆங்கிலத்தின் வழக்கப்படி மாதம் முதலில், நாள் பிறகு. டிக்கெட் ஜூன் ஐந்தாம் தேதிக்கு விழுந்திருந்தது.

ஆறாம் தேதி பையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் பஸ் ஏறப் போனவளை, பட்டியலில் பேர் இல்லை, இது அடுத்த மாசத்து டிக்கெட் என்று கண்டக்டர் இறக்கிவிட்டார். வேறு எந்த பஸ்ஸிலும் இடமில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். போனில் மகளிடம் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு, வைத்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வயசாயிடுச்சு போல. நாந்தான் சரியா பாக்கல," என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். அகராதியால் முடியவில்லை.

"அண்ணி, உங்க தப்பு இல்ல. மொழிய நாந்தான் மாத்தினேன். கம்பெனிக்காரன் இல்ல."

எதற்கு என்று நாத்தனார் கேட்டாள். அந்தத் தமிழ் சிட்டு எழுதியது, அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அகராதி சொன்னாள்.

"அவ மேல எரிச்சல்னா அவகிட்டப் போய்க் காட்டு. எம்பொண்ணு ஓடுறத நான் பாக்குறதுல ஏன் காட்டின?"

கேட்டுவிட்டு நாத்தனார் மாடிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அகராதி தமிழை மறுபடி வரிசையில் முதலில் ஏற்றினாள். தப்பாக எடுத்த டிக்கெட்டை ரத்து செய்ய உள்ளே போனவள், சிட்டுவின் பக்கங்களை முதல் தடவையாக முழுசாகப் படித்தாள். தேதிக் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'நாள் முதலில், மாதம் அடுத்து. 6/5 என்றால் மே 6.' ஆங்கிலப் பக்கத்தில் அந்த வரி கிடையாது. தன்னுடைய மாதிரியிலும் கிடையாது; அப்படி ஒன்று வேண்டும் என்று தனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது. 'கிளம்புறீங்க' என்பதைக் கொச்சை என்று ஒதுக்கலாம். இதை என்ன சொல்லி ஒதுக்குவது? அதுவரை இருந்ததைவிடக் கூடுதலாக எரிந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்த வரி எப்படித் தோன்றியது என்று சிட்டுவிடம் கேட்டாள். மூலத்தில் இல்லாததைச் சேர்த்ததற்குத் தனக்குத் திட்டு விழுந்தது என்றாள் சிட்டு. அவள் அப்பா ஒருமுறை நாளையும் மாதத்தையும் மாற்றிப் படித்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்கு மாதம் தப்பிப் போய், பூட்டிய மண்டபத்து வாசலில் பரிசுப் பெட்டியோடு நின்றாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"எங்க நாத்தனாருக்கும் அப்படித்தான் ஆச்சு. பஸ்ஸ விட்டுட்டாங்க," என்றாள் அகராதி.

சிட்டுவின் முகம் செத்துவிட்டது. "என் பக்கத்தப் பாத்துமா?"

அந்த முகத்தைப் பார்க்க அகராதிக்கு இனித்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சிட்டு ஒரு வாரம் தூங்கமாட்டாள். அந்த இனிப்பை வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் பேசினாள்.

"இல்ல. இங்கிலீஷ் பக்கத்துல. உன்னோடது வரக்கூடாதுன்னு நாந்தான் நிறுத்தி வச்சிருந்தேன்."

"ஏன்?"

"நீ நல்லா எழுதியிருக்க. அத தெனம் பாக்க முடியல."

சிட்டு கொஞ்ச நேரம் விசைப்பலகையைத் துடைத்தாள். பிறகு, அந்தப் பெண் பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தாள் என்று கேட்டாள்.

"மூணாவது."

"பரவால்லியே," என்றாள் சிட்டு.

நாத்தனார் நாலைந்து நாள் கூடத்துப் பக்கமே வரவில்லை. பிறகு வந்து டிக்கெட் எடுக்க உட்கார்ந்தவள், நீயும் கொஞ்சம் தேதியைப் பார் என்று அகராதியைக் கூப்பிட்டாள். 'வாங்க' என்றது பக்கம். அகராதி அதை வாசித்தாள்.

பொறாமை எங்கேயும் போய்விடவில்லை. அடுத்ததாக ஒரு ஆஸ்பத்திரியின் தளத்துக்கு இருவரிடமும் மாதிரி கேட்டார்கள். சிட்டுவின் கண்ணில் படாதபடி திரையைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டு, 'எந்த டாக்டரைப் பாக்கணும்?' என்று எழுத ஆரம்பித்தாள் அகராதி.